கோயில் தல வரலாற்றை போனில் படிக்க பிடிஎஃப் சரிவருமா, இ-பப் ஆக்க வேண்டுமா?

எங்கள் ஊர்க் கோயில் தல வரலாற்றை வாட்சப்பில் பிடிஎஃபாக அனுப்பினோம், பெரியவர்களால் வாசிக்க முடியவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இ-பப் என்ற மின்னூல் ஃபைலாக ஆக்கிக் கொடுங்கள் அண்ணாச்சி. பாளையங்கோட்டையில் டிடிபி வேலை பார்க்கிறேன். இந்தக் குறையோடு வருகிறவர்கள் நிறையப் பேர்.

1993-ல் அடோபி பிடிஎஃபைக் கொண்டுவந்ததே எங்கே திறந்தாலும் பக்கம் நூல் பிசகாமல் இருக்க வேண்டும் என்றுதான். அச்சகத்துக்கு அது அருமை. போனுக்கு அதுவே இடைஞ்சல். ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ.; போன் திரை சுமார் 70. அதற்குள் பக்கம் முழுவதும் அடங்கும்போது 12 பாயிண்ட் எழுத்து 4 பாயிண்டாகச் சுருங்கிவிடும். பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமுமாகத் தள்ள வேண்டும். கண் ஆபரேஷன் செய்த ஆச்சி எப்படி வாசிப்பார்கள்?

2007-ல் பொதுத் தரமாக அறிவிக்கப்பட்ட இ-பப்பில் பக்கம் என்று ஒன்று கிடையாது. உள்ளே இருப்பது இணையப் பக்கம் மாதிரியான எச்டிஎம்எல்தான், ஜிப் போட்டுக் கட்டியிருப்பார்கள். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தானாக மடங்கிக்கொள்ளும். ஐபோனில் கூடவே வரும் புக்ஸ் ஆப்பில் திறக்கும். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் ஒரு ஆப் வேண்டும், அதை வீட்டுப் பிள்ளைகள் போட்டுக் கொடுத்துவிடலாம்.

தமிழுக்கு இதில் இரண்டு சிக்கல் உண்டு. பிடிஎஃபிலிருந்து நேரே இ-பப் எடுக்காதீர்கள். 'கொ' என்ற எழுத்தில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து விழும். பேஜ்மேக்கர் என்ற பக்க அமைப்பு மென்பொருளில் செய்த பழைய ஃபைல் என்றால் இன்னும் மோசம், வெறும் ஆங்கிலக் குறிகளாக வரும். எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றி, ஒருதடவை முழுசாகப் பிழை திருத்திய வேர்டு ஃபைலிலிருந்து செய்யுங்கள்.

அடுத்தது பாட்டு. தல வரலாற்றில் பதிகமோ வெண்பாவோ இல்லாமல் இருக்காது. எழுத்தைப் பெரிதாக்கினால் நான்கு அடி வெண்பா ஏழெட்டு வரியாகிவிடும். எது அடி, எது மடிப்பு என்று தெரியாது. பாடுகிறவருக்கு அது தெரிந்தே ஆக வேண்டும். ஆகவே அடியின் தொடக்கம் ஓரத்திலும், மடங்கி வரும் மிச்சம் சற்று உள்தள்ளியும் நிற்கும்படி ஸ்டைலில் (எழுத்தமைப்பில்) அமைக்க, இ-பப் செய்து தருகிறவரிடம் சொல்லுங்கள். பலர் இதைச் செய்வதில்லை, கேட்டு வாங்குங்கள்.

கோயில் வரைபடம், பூஜை நேர அட்டவணை இருந்தால் அவற்றை மட்டும் தனிப் பிடிஎஃபாக அனுப்பலாம்.