குவாங்சோ அறைகலன் கண்காட்சிக்குக் கொள்முதலாளராகச் செல்பவர் எவ்வாறு தயாராக வேண்டும்?

முதன்முறையாகச் சரக்கு வாங்கச் செல்பவர் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் எதைச் செய்ய வேண்டும் என்பது கேள்வி. மார்ச் மாதத்தில் சீனாவின் குவாங்சோ நகரிலுள்ள பாசோ கண்காட்சி வளாகத்தில் நடைபெறும் இக்கண்காட்சி இரு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், அந்த ஆண்டு எந்தக் கட்டத்தில் எந்தச் சரக்கு வருகிறது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். வழக்கமாக வீட்டு அறைகலன்கள் முதற்கட்டத்திலும், அலுவலக அறைகலன்களும் மரவேலை இயந்திரங்களும் இரண்டாம் கட்டத்திலும் இடம்பெறும். (பலவகைச் சரக்குகளுக்கான கான்டன் கண்காட்சியும் அதே வளாகத்தில்தான் நடக்கிறது, ஆனால் அது வேறு.)

தயாரிப்பின் பெரும்பகுதி கணக்குதான். 40 அடி நீளமுள்ள, வழக்கத்தைவிட உயரமான (ஹை கியூப்) கப்பல் கொள்கலனின் உட்கொள்ளளவு ஏறத்தாழ 76 கன மீட்டர் என்றாலும், நடைமுறையில் 68 அளவிலேயே அடுக்க முடிகிறது. எனவே ஒவ்வொரு பொருளுக்கும் எஃப்ஓபி விலையுடன் (துறைமுகத்தில் கப்பலில் ஏற்றும் வரையிலான விலை) பெட்டியின் கன அளவையும் கேட்டுக் குறித்துக்கொள்ளாவிட்டால், மலிவாகத் தெரிந்த சோபா கப்பல் கட்டணத்தில் விலை கூடிவிடும். பிரித்து அடுக்கக்கூடிய மேசை, நாற்காலிகளுக்கு இந்தச் சிக்கல் குறைவு.

குறைந்தபட்ச ஆர்டர் அளவு, முன்பணம் (30 சதவீதம் பரவலான வழக்கம்), ஏற்றுமதிக்கு முந்தைய தரச்சோதனை, மரப்பெட்டிகளுக்கான ஐஎஸ்பிஎம் 15 முத்திரை (மரம் பூச்சி நீக்கப்பட்டது என்பதற்கான பன்னாட்டு அடையாளம்) ஆகியவற்றையும் அரங்கிலேயே எழுத்தில் பெறுவது நல்லது. ஆனால் அரங்கில் ஒப்பந்தம் செய்யாதீர்கள். அருகிலுள்ள போஷான் நகரின் லெசோங் அறைகலன் சந்தையில் விலையை ஒப்பிட்டு, இயன்றால் தொழிற்சாலையையும் பார்த்த பின்னரே முன்பணம் கொடுங்கள்.