பெட்டியில் கிடக்கும் ஸ்லைடுகளும் நெகட்டிவ்களும்: கேள்வி பதில்

எங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்த இரண்டாயிரத்துச் சொச்சம் படங்களைக் கணினியில் ஏற்றி முடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. ஸ்லைடு என்பது சின்னச் சட்டத்தில் பொருத்திய, நிறம் நேராகத் தெரியும் ஃபிலிம் படம்; நெகட்டிவ் என்பது வெளிச்சமும் நிறமும் எதிர்மாறாகத் தெரியும் ஃபிலிம். அதில் முதல் ஆறு மாத வேலை வீண். மறுபடி செய்தேன். அந்த ஆறு மாதம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இந்தப் பதில்கள்.

கேள்வி: 400 ஸ்லைடு, 30 சுருள் நெகட்டிவ் இருக்கிறது. எந்த ஸ்கேனர் வாங்கலாம் அண்ணா?

முதலில் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். சாதாரண தட்டை ஸ்கேனரில் 6400 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) என்று போட்டிருப்பார்கள். அது சென்சார் எடுக்கும் புள்ளிக் கணக்கு. லென்ஸ் உண்மையில் பிரித்துக் காட்டும் நுணுக்கம் அதில் பாதிகூட வராது. கோப்பு மட்டும் பெரிதாகும்.

கணக்கு எளிது. 35 மிமீ ஃபிலிமில் ஒரு கட்டம் 36 × 24 மிமீ. நிஜமான 2400 டிபிஐ கிடைத்தால் சுமார் 7.7 மெகாபிக்சல், 4000 கிடைத்தால் 21 மெகாபிக்சல். திரையில் பார்க்கவும் சின்ன அளவில் அச்சிடவும் முதலாவதே போதும். 35 மிமீயைவிட அகலமான 120 வகை ஃபிலிமில் எடுத்த பெரிய நெகட்டிவ் என்றால் தட்டை ஸ்கேனரே நன்றாகச் செய்யும். 35 மிமீக்கு, மாற்று லென்ஸ் போடும் கேமரா ஏற்கெனவே கையில் இருந்தால், ஸ்கேனரே வேண்டாம் என்பேன். மேலே வைத்து பட்டனை அழுத்தினால் ஐந்து நொடியில் படம் தரும் சின்னப் பெட்டிகள் இருக்கின்றனவே, அவற்றில் பெரும்பாலானவை வெளிச்சப் பகுதியை வெளுக்க அடித்து, ஜேபெக்காக மட்டும் தரும். என்னிடமும் ஒன்று தூசி படிந்து கிடக்கிறது. வீணான ஆறு மாதம் அதோடு போனதுதான்.

கேள்வி: கேமராவில் எடுப்பது எப்படி? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

மேக்ரோ லென்ஸ், கேமராவைக் கீழ்நோக்கிப் பிடிக்கும் ஸ்டாண்டு, ஃபிலிமைத் தட்டையாகப் பிடிக்கும் ஒரு சட்டம், நல்ல வெள்ளை விளக்குப் பலகை. சாமான் இவ்வளவுதான். முழுச் சட்டக கேமரா (சென்சார் 35 மிமீ ஃபிலிம் கட்டத்தின் அளவே உள்ளது) என்றால் லென்ஸ் 1:1 வரை, அதாவது பொருளை அதே அளவில் சென்சாரில் விழவைக்கும் வரை, போக வேண்டும். சின்ன சென்சாருக்கு அவ்வளவு தேவையில்லை.

விளக்கில் கஞ்சத்தனம் வேண்டாம். நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு சிஆர்ஐ என்றொரு எண் உண்டு; 95க்கு மேல் இருக்கட்டும். டேப்லெட் திரையை விளக்காக வைப்பவர்கள் உண்டு. ஃபிலிமை அதன்மேல் அப்படியே படுக்கவைத்தால் திரையின் புள்ளிகள் வலைபோலப் படத்தில் விழும். நடுவில் பால்வெள்ளை அக்ரிலிக் வைத்து, ஃபிலிமைச் சில சென்டிமீட்டர் உயர்த்துங்கள்.

எல்லோரும் கோட்டை விடும் இடம் ஒன்று: கேமராவும் ஃபிலிமும் இணையாக இருக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு மூலை கூர்மை, எதிர்மூலை மங்கல். ஃபிலிம் வைக்கும் இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடியைப் படுக்கவைத்துக் கேமரா திரையில் பாருங்கள். உங்கள் லென்ஸே அதில் தெரியும். லென்ஸின் வட்டம் திரைக்குச் சரியாக நடுவில் வரும்வரை ஸ்டாண்டை அசையுங்கள். இரண்டு நிமிட வேலை. நாள் முழுக்கக் காப்பாற்றும்.

அப்புறம் அறை விளக்கை அணைத்துவிடுங்கள். ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளை எஃப் 8, ரா கோப்பு (கேமரா திருத்தாமல் தரும் மூலக் கோப்பு), 2 நொடி டைமர். திரையைப் பெரிதாக்கி, முகத்தையோ கூரையையோ பார்க்காமல் ஃபிலிமின் மணல்மணலான துகளில் ஃபோகஸ் செய்யுங்கள். ஒரு சுருளுக்கு எக்ஸ்போஷரையும் (எவ்வளவு வெளிச்சம் பதிகிறது என்பது) வெண்சமனையும் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிற அமைப்பு) ஒரே அளவில் பூட்டி வையுங்கள். கை பழகிவிட்டால் 36 கட்டமும் கால்மணி நேரத்துக்குள் முடியும்.

கேள்வி: ஸ்லைடில் எந்தப் பக்கம் மேலே?

பளபளப்பான பக்கம் வெறும் பிளாஸ்டிக். மங்கலான பக்கத்தில்தான் படம் இருக்கிறது. கேமராவில் எடுக்கும்போது மங்கல் பக்கம் லென்ஸைப் பார்க்கட்டும். பிறகு கணினியில் இடவலமாகத் திருப்பிக்கொள்ளுங்கள். திருப்ப மறந்தால் என்ன ஆகும்? நான் மறந்தேன். அப்பாவுக்கு வலது கையில் கடிகாரம், சட்டைப் பொத்தான் எதிர்ப்பக்கம். அம்மாதான் "இது யாரு?" என்று கேட்டார்.

கேள்வி: வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கிறது. கழுவலாமா?

தண்ணீர் வேண்டவே வேண்டாம். படம் தங்கியிருப்பது ஜெலட்டினில். பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும். படமும் சேர்ந்து போகும். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பஞ்சு, லேசான கை. முதலில் வேண்டாத ஒரு கட்டத்தில் சோதித்துவிட்டு இறங்குங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். வெறும் தூசி என்றால் ரப்பர் ஊதியும் மெல்லிய தூரிகையும் போதும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும்.

கேள்வி: கலர் நெகட்டிவை கணினியில் தலைகீழாக்கினால் (நிறங்களை எதிர்மாறாக்கினால்) எல்லாம் நீலமாக வருகிறதே?

வரத்தான் செய்யும். நெகட்டிவின் ஆரஞ்சு நிறம் பழசாகிப் போனதால் வந்ததல்ல. ஃபிலிமின் சாயங்கள் தங்கள் வேலைக்கு மீறி மற்ற நிறங்களையும் கொஞ்சம் உறிஞ்சும்; அதைச் சரிக்கட்ட, தயாரிக்கும்போதே சேர்த்த முகமூடி அது. முதலில் அதைக் கழிக்க வேண்டும், பிறகுதான் தலைகீழாக்க வேண்டும். அதனால் கட்டங்களுக்கு நடுவிலுள்ள படமில்லாத வெற்றுப் பட்டையையும் சேர்த்துப் படமெடுங்கள். டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளில் நெகாடாக்டர் என்றொரு பகுதி இருக்கிறது. வெற்றுப் பட்டையைத் தொட்டுக் காட்டினால் ஆரஞ்சைக் கழித்துவிடும்.

கேள்வி: ஸ்கேனரின் தூசி நீக்கும் வசதியைப் போட்டேன். கறுப்பு வெள்ளைப் படங்களில் முகமெல்லாம் அரித்ததுபோல் ஆகிவிட்டது.

அந்த வசதி அகச்சிவப்பு ஒளியில் இயங்குகிறது. கலர் ஃபிலிமின் சாயம் அந்த ஒளியை விட்டுவிடும், தூசி மறிக்கும். மறித்த இடத்தை மென்பொருள் பூசி மறைக்கும். பழைய கறுப்பு வெள்ளைப் படம் வெள்ளித் துகளால் ஆனது. வெள்ளியும் ஒளியை மறிப்பதால் படத்தையே தூசி என்று எடுத்துக்கொள்கிறது. அணைத்துவிட்டு மறுபடி எடுங்கள். கோடாக்ரோம் ஸ்லைடிலும் இதே தொல்லை வரலாம். 1935இல் வந்து 2009இல் நிறுத்தப்பட்ட ஃபிலிம் அது. பெயர் ஸ்லைடின் சட்டத்திலேயே அச்சாகியிருக்கும்.

கேள்வி: சில ஸ்லைடுகள் முழுக்கச் சிவந்துவிட்டன. மீட்கலாமா?

ஓரளவுக்கு. இருட்டில் இருந்தாலும் பல பழைய ஃபிலிம்களில் சியான் (பச்சை கலந்த நீலம்) சாயம் முதலில் வெளுக்கும், மிச்சம் சிவப்பு. மூன்று நிறங்களின் அளவுக்கோட்டையும் தனித்தனியாக இழுத்துப் பாருங்கள். தோல் நிறம் திரும்பினால் அதோடு நிறுத்துங்கள், வானம் கொஞ்சம் முன்னேபின்னே இருக்கட்டும்.

கேள்வி: டப்பாவைத் திறந்தால் வினிகர் வாடை அடிக்கிறது.

அவசரம். அசிடேட் ஃபிலிம் சிதைந்து அசிட்டிக் அமிலம் விடுகிறது. அந்த ஆவி பக்கத்திலிருக்கும் நல்ல ஃபிலிமையும் கெடுக்கும். இன்றே தனியாகப் பிரித்துக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். வரிசையில் இவைதான் முதலில். சுருங்கி வளைந்த பிறகு எந்தச் சட்டத்திலும் உட்காராது.

கேள்வி: எந்த வடிவில் சேமிப்பது?

மூலத்துக்கு 16 பிட் டிஃப் (தரம் குறையாமல் சேமிக்கும் பட வடிவம்), அல்லது ரா. உறவினர்களுக்கு அனுப்ப ஜேபெக். 21 மெகாபிக்சல் டிஃப் ஒன்று 128 எம்பி அளவில் வரும், இடம் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வட்டில் பிரதி, அதில் ஒன்று வேறு வீட்டில்.

கேள்வி: எல்லாம் முடிந்ததும் நெகட்டிவைத் தூக்கிப் போட்டுவிடலாமா சார்? வீட்டில் இடமில்லை.

போட்டிருந்தால் என் முதல் ஆறு மாதக் குப்பைதான் இன்றைக்கு என்னிடம் மிச்சம். 30 சுருள் ஒரு செருப்புப் பெட்டிக்குள் அடங்கும். பிவிசி உறை வேண்டாம், பாலிபுரோப்பிலீன் உறையில் போட்டு, ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள். ஸ்லைடுச் சட்டங்களையும் கழற்றி எறியாதீர்கள். அட்டை ஓரத்தில் மாதமும் வருடமும் குத்தியிருந்தால் அது ஃபிலிமை லேபில் கழுவிய தேதி. படம் எடுத்தது அதற்கு முன்னால். எங்கள் பெட்டியில் ஒரு ஸ்லைடின் ஓரத்தில் தாத்தா பென்சிலால் "மழை, பஸ் வரவில்லை" என்று எழுதியிருந்தார். படத்தில் நாலு பேர் ஒரு குடைக்கடியில் சிரிக்கிறார்கள். அதையும் தனியாகப் படமெடுத்து, ஸ்லைடின் எண்ணையே கோப்புக்குப் பெயராக வைத்திருக்கிறேன்.