பெடலில் எவ்வளவு, ஆம்பில் எவ்வளவு? கிடார் கேள்வி பதில்

டிஸ்டார்ஷன், அதாவது கிடார் சத்தத்தை வேண்டுமென்றே உடைத்துக் கரகரப்பாக்குவது பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். ஒன்றுக்குச் சொல்லும் பதில் இன்னொன்றுக்கும் உதவும்.

கேள்வி: சார், புதிதாக ட்யூப் ஆம்ப் (வால்வு வைத்த ஆம்ப்ளிஃபையர்) வாங்கியிருக்கிறேன், ட்யூப் ஸ்க்ரீமர் வகைப் பெடல் ஒன்றும் இருக்கிறது. ரூமில் தனியாக வாசித்தால் சத்தம் தடியாக, மிரட்டலாக இருக்கிறது. பேண்டோடு வாசித்தால் நான் வாசிக்கிறேனா என்றே தெரியவில்லை, வால்யூமை ஏற்றினால் பாடுகிறவர் திட்டுகிறார். ஆம்பில் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) 8, பேஸ் 8, மிட் 2, ட்ரெபிள் 8. பெடலில் டிரைவ் முழுசாக.

பதில்: எண்களோடு எழுதியது நல்லதாயிற்று, சிக்கல் அதிலேயே தெரிகிறது. மிட், அதாவது நடுச் சுருதிகள், 2 என்கிறீர்களே, பேண்டுக்குள் கிடாருக்கென்று இருக்கிற இடமே மிட்தான். கீழே பேஸ் கிடாரும் கிக் டிரம்மும் இருக்கின்றன, மேலே சிம்பல் இருக்கிறது, நடுவில் சில நூறு ஹெர்ட்ஸிலிருந்து 3000 ஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள பகுதியில்தான் உங்கள் கிடார் கேட்க வேண்டும். அந்த இடத்தைக் காலி செய்துவிட்டு மற்றவர்கள் நிற்கும் இடத்தில் போய் நிற்கிறீர்கள். அங்கே டிரம்மை ஜெயிக்க முடியாது.

அப்படியானால் தனியாக வாசிக்கும்போது ஏன் நன்றாக இருக்கிறது? மெதுவான சத்தத்தில் நம் காது பேஸையும் ட்ரெபிளையும் குறைவாகவே கேட்கும், சத்தம் ஏற ஏறத்தான் அவை நிரம்பும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் இதை அளந்து 1933-ல் வெளியிட்டார்கள். ரூமில் அந்தக் குறையை நிரப்பத்தான் பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றினீர்கள், அதே அமைப்பை மேடைச் சத்தத்துக்குக் கொண்டுபோனால் கீழே குழம்பும், மேலே காதைக் குத்தும். அதனால் டோனை முடிவு செய்ய வேண்டிய இடம் ரிகர்சல், எல்லோரும் வாசித்துக்கொண்டிருக்கும்போது.

இப்போது பெடலுக்கு வருவோம், எனக்கு இதுதான் முக்கியம். கிடாரின் தடித்த கம்பி திறந்து அடித்தால் 82 ஹெர்ட்ஸ். அந்தக் கீழ்ச் சுருதிகள் மற்றவற்றைவிட வலுவாக வரும், ஆம்பின் கெயினை முதலில் தின்பதும் அவைதான். கனமான பேஸ் உடைந்தால் கேட்பது கரகரப்பு இல்லை, சேறு. உள்ளங்கையை ப்ரிட்ஜில் வைத்து அமுக்கி வேகமாக அடித்துப் பாருங்கள், ஒவ்வொரு அடியும் தனியாக விழாமல் அடுத்ததோடு ஒட்டிக்கொண்டால் அதுதான் காரணம். டிஸ்டார்ஷனுக்கு முன்னால் பேஸைக் குறை, தேவையானதைப் பின்னால் கூட்டு. நல்ல கனமான டோன்களில் பெரும்பாலானவை இப்படித்தான் வருகின்றன.

ட்யூப் ஸ்க்ரீமர் இந்த வேலைக்கென்றே செய்ததுபோல் இருக்கும். அதன் கிளிப்பிங் பகுதி சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போகக் குறைவாகவே பெருக்கும், அதாவது பேஸைத் தானே இறுக்கி, மிட்டை முன்னால் தள்ளி அனுப்பும். நீங்களோ அதன் டிரைவை முழுசாக வைத்திருக்கிறீர்கள். திருப்பிப் போடுங்கள்: டிரைவ் கிட்டத்தட்ட பூஜ்யம், லெவல் முக்கால் அல்லது அதற்கு மேல், டோன் நடுவில். இப்போது பெடல் தானாக உடைப்பது குறைவு, ஆம்பின் முதல் ட்யூபைத் தள்ளுவதுதான் அதன் வேலை, உடைவது பெரும்பாலும் ட்யூபில் நடக்கும்.

ஆனால் ஆம்பை முதலில் பெடல் இல்லாமல் சரிசெய்யுங்கள். பேஸ், மிட், ட்ரெபிள் மூன்றும் நடுவில் இருக்கட்டும். கெயினை 1-ல் ஆரம்பித்து ஏற்றிக்கொண்டே வாருங்கள், மெதுவாக அடித்தால் சுத்தமாகவும் ஓங்கி அடித்தால் லேசாகக் கரகரப்பாகவும் வரும் இடம் ஒன்று உண்டு, அங்கே நிறுத்துங்கள். ராக் ரிதமுக்கு அதிலிருந்து ஒரு படி மேலே. அப்புறம் பெடலைப் போட்டால் எவ்வளவு கூடுகிறது என்று நீங்களே அசந்துபோவீர்கள். டிஸ்டார்ஷன் கூடக் கூட சத்தத்தின் ஏற்ற இறக்கம் அமுங்கிவிடும், பிக் கம்பியைத் தொடும் அந்த முதல் அடி கரைந்துபோகும், பேண்டில் நாம் கேட்பதோ அந்த முதல் அடியைத்தான். ரூமில் "இன்னும் கொஞ்சம் கெயின் இருக்கலாமே" என்று தோன்றும் அளவுதான் பேண்டில் சரியான அளவு.

இன்னொன்று, ஆம்ப் தரையில் இருந்தால் ஸ்பீக்கரின் ட்ரெபிள் நேராக முன்னால் உங்கள் முழங்காலுக்குப் போகிறது, காதுக்கு வரவில்லை. காது ஸ்பீக்கர் உயரத்தில் இருக்கும்படி நாலு அடி தள்ளி உட்கார்ந்து கேளுங்கள், ட்ரெபிள் 8 எப்படி இருந்திருக்கிறது என்று தெரியும்.

கேள்வி: ட்யூப் ஸ்க்ரீமர், டிஎஸ்-1, ரேட் (RAT), ஃபஸ் என்று பல பெடல்கள். எதை வாங்குவது?

பதில்: உங்கள் ஆம்ப் என்ன என்று எழுதவில்லை, பதில் அதைப் பொறுத்துத்தான். ஏற்கெனவே கரகரக்கும் ஆம்ப் என்றால் ட்யூப் ஸ்க்ரீமர், மேலே சொன்ன காரணத்துக்காக. ஃபெண்டர் ட்வின் மாதிரி காது கிழியும்வரை சுத்தமாகவே நிற்கும் ஆம்ப் என்றால் தள்ளிவிட்டுப் பிரயோஜனமில்லை, உடைக்கும் வேலையைப் பெடலே செய்ய வேண்டும். அங்கே ரேட் நன்றாக உட்காரும். அதன் ஃபில்டர் குமிழ் மட்டும் தலைகீழ், வலப்பக்கம் திருப்பினால் ட்ரெபிள் குறையும்.

1978-ல் வந்த பாஸ் கம்பெனியின் ஆரஞ்சு நிற டிஎஸ்-1, அலையின் தலையை டயோடு வைத்து நேராக வெட்டுகிறது, அதனால் முரட்டுத்தனம் கூட. டோனைக் கால்வாசிக்குக் கீழே வைத்துப் பாருங்கள், அதைக் கரடு என்று ஒதுக்கியவர்கள் பலரும் டோனை மேலே வைத்திருந்தவர்கள்தான். ஃபஸ் வகையில் பிக் மஃப் தனியாகக் கேட்டால் மலைபோல் இருக்கும், ஆனால் மிட்டைக் குழித்துவிடும், ஆகவே முதல் கேள்விக்காரரின் தொல்லை உங்களுக்கும் வரும். ஆம்பில் மிட்டை ஏற்றி ஈடுகட்ட வேண்டும்.

கேள்வி: பவர் கார்ட் (மூன்றாவது சுருதி இல்லாத கார்ட்) அடித்தால் பிரமாதம். முழு மேஜர் கார்ட் அடித்தால் ஒரே இரைச்சல். பெடல் பழுதா?

பதில்: பழுது இல்லை, கணக்கு. இரண்டு சுருதிகள் சேர்ந்து டிஸ்டார்ஷனுக்குள் போனால் அவை மட்டும் வெளியே வருவதில்லை, அவற்றின் கூட்டலும் கழித்தலும் புதுச் சுருதிகளாகக் கூடவே வரும். ஏ பவர் கார்டில் 110 ஹெர்ட்ஸும் கிட்டத்தட்ட 165-ம் இருக்கின்றன. கழித்தால் 55, அதே ஏ ஒரு ஸ்தாயி கீழே. கேட்காமலேயே ஒரு பேஸ் சேர்ந்துகொள்கிறது, பவர் கார்டின் கனம் அங்கிருந்து வருகிறது. இதில் மேஜர் மூன்றாவது சுருதியாக 138.6-ஐச் சேருங்கள். 138.6-லிருந்து 110 போனால் 28.6, 165-லிருந்து 138.6 போனால் 26.4. இந்த இரண்டும் எந்த ஏ-யிலும் சரியாக உட்காராமல் ஒன்றோடொன்று மோதும், நீங்கள் கேட்கும் இரைச்சல் அதுதான்.

ஆறு கம்பியையும் அடிக்காதீர்கள். மூன்றாவது சுருதியை ஒரு ஸ்தாயி மேலே கொண்டுபோய், இரண்டு மூன்று கம்பிகளில் மட்டும் வாசியுங்கள். பெடலைத் தொடாமல் கிடாரின் வால்யூமை 6-க்கோ 5-க்கோ இறக்குங்கள், கார்ட் திறந்துகொள்ளும். கிடாரின் வால்யூம் குமிழ் உண்மையில் ஒரு கெயின் குமிழ், பலர் அதை வருஷக்கணக்கில் 10-லேயே விட்டுவைத்திருப்பது எனக்கு வருத்தம்தான்.

கேள்வி: என் ஆம்ப் 100 வாட். ட்யூப் சூடேறி நல்ல டோன் வருவதற்குள் வீடே அதிர்கிறது. 50 வாட்டுக்கு மாறினால் பாதிச் சத்தம்தானே?

பதில்: இல்லை. வாட் பாதியானால் சத்தம் 3 டெசிபெல்தான் குறையும், பக்கத்து ரூமில் இருப்பவருக்கு வித்தியாசமே தெரியாமல் போகலாம். காதுக்குப் பாதி என்று தோன்ற 10 டெசிபெல் இறங்க வேண்டும், அது 10 வாட். எனவே வீட்டுக்காக மாறுவதானால் 5 வாட், 1 வாட் பக்கம் போங்கள். மாற்ற மனமில்லை என்றால் ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் அட்டென்யுவேட்டர், அதாவது ஸ்பீக்கருக்குப் போகும் சக்தியைக் குறைக்கும் பெட்டி, வைக்கலாம். கொஞ்சம் இறக்கும்வரை அருமையாக இருக்கும், ரொம்ப இறக்கினால் ஸ்பீக்கர் அசையாமல் டோன் தட்டையாகிவிடும். மாஸ்டர் வால்யூம் இருக்கிற ஆம்பில் ப்ரீஆம்பை (ஆம்பின் முதல் பகுதியை) உடைத்து, மொத்தச் சத்தத்தைக் கட்டுப்படுத்தும் மாஸ்டரை இறக்கி, முன்னால் ஒரு பெடல் வைத்து வாசிப்பதில் ஒரு குறையும் இல்லை.

கேள்வி: ஆம்ப் இல்லாத இடத்தில் டிஸ்டார்ஷன் பெடலிலிருந்து நேராக மிக்சருக்குக் கொடுத்தேன். தேனீக் கூடு கலைந்ததுபோல் ஒரு சத்தம். ஏன்?

பதில்: கிடார் ஸ்பீக்கர் சுமார் 5000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதைப் பெருமளவு விழுங்கிவிடும், பெடலின் டோன் அதை நம்பித்தான் இருக்கிறது. மிக்சரும் பிஏ ஸ்பீக்கரும் எல்லாவற்றையும் அப்படியே காட்டிவிடும். நடுவில் ஒரு கேபினெட் சிமுலேட்டர் (கிடார் ஸ்பீக்கர்போல் நடிக்கும் கருவி) வைத்தால் தீர்ந்தது.

கேள்வி: பெடல்களை எந்த வரிசையில் மாட்டுவது? கெயின் ஏற்றினால் உர்ரென்று இரைச்சலும் வருகிறது.

பதில்: பழைய ஜெர்மானியம் ட்ரான்ஸிஸ்டர் வகை ஃபஸ் இருந்தால் அது கிடாரை ஒட்டி முதலில். முன்னால் பஃபர் (சிக்னலை வலுவாக்கி அனுப்பும் சர்க்யூட்) உள்ள பெடல் வந்தால், அது ஆஃப்பில் இருந்தாலும், ஃபஸ் கூச்சலிடும், கிடார் வால்யூமை இறக்கினாலும் சுத்தமாகாது. வா, கம்ப்ரெஸர், அப்புறம் ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன். கரகரப்பு ஆம்பிலேயே வருகிறதென்றால் எதிரொலி தரும் டிலேயும் ரிவெர்பும் எஃபெக்ட்ஸ் லூப்பில் (ஆம்பின் ப்ரீஆம்புக்குப் பின்னால் பெடல் மாட்டும் இடத்தில்) போக வேண்டும், முன்னால் வைத்தால் எதிரொலி சேர்ந்து உடையும்.

இரைச்சலுக்கு, கிடார் வால்யூமைப் பூஜ்யமாக்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் பிக்கப் வாங்குகிறது, சிங்கிள் காயில் என்றால் திரும்பி நின்றாலே குறையும். நிற்கவில்லை என்றால் எல்லாப் பெடலுக்கும் ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரித்திருக்கிறீர்களா என்று பாருங்கள், தனித்தனி அவுட்புட் உள்ள பவர் சப்ளை அதைத் தீர்க்கும்.

கேள்வி: ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஹெட்டை (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பெட்டியை) மட்டும் ஆன் செய்து ட்யூப் எரிகிறதா என்று பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். ட்யூப் ஆம்ப் சுமை இல்லாமல் ஓடினால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறி, ட்ரான்ஸ்ஃபார்மரோ ட்யூபோ போய்விடும். 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் 8 ஓம் சாக்கெட், நடுவில் கிடார் கேபிள் அல்லாமல் ஸ்பீக்கர் கேபிள். உள்ளே 400 வோல்ட்டும் அதற்கு மேலும் இருக்கும், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும், ஆகவே பயாஸ் (ட்யூபில் ஓடும் கரண்டின் அளவு) பார்ப்பது போன்ற வேலைக்கு டெக்னீஷியனிடம் கொடுங்கள். ட்யூப் எரிகிறதா என்று பின்பக்கத்து ஓட்டை வழியாகவே தெரியும், ஸ்பீக்கர் ஜாக் செருகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்விட்சைப் போடுங்கள்.