பயந்தவர்களை அடிக்கவா இந்த வசனம்?

கேள்வி: என் தங்கைக்குத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, செத்துவிடுவோமோ என்று பயம் வருகிறது. மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்திருக்கிறார். எங்கள் போதகரோ 2 தீமோத்தேயு 1:7-ஐக் காட்டி, "தேவன் பயமுள்ள ஆவியைக் கொடுக்கவில்லை, இது பிசாசு கொடுத்தது, மாத்திரை போடுவது அவிசுவாசம்" என்கிறார். கிரேக்கத்திலும் அப்படித்தான் இருக்கிறதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இல்லை, சகோதரி. தங்கை மாத்திரையை நிறுத்தியிருந்தால் முதலில் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். இந்த வகை மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் படபடப்பு முன்பைவிட மோசமாகத் திரும்பலாம். மற்றதை அப்புறம் படிக்கலாம்.

சரி, வசனத்துக்கு வருவோம். புதிய ஏற்பாட்டில் "பயம்" என்று நாம் வாசிக்கிற பெரும்பாலான இடங்களில் இருக்கிற கிரேக்கச் சொல் ஃபோபோஸ். திகிலும் அதுதான், தேவபயமும் அதுதான். ஆனால் 1:7-ல் பவுல் எழுதியது டெய்லியா. புதிய ஏற்பாடு முழுக்கத் தேடினாலும் இந்தப் பெயர்ச்சொல் இந்த ஒரே இடத்தில்தான் வருகிறது. அர்த்தம் கோழைத்தனம், அதாவது நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல் நழுவிவிடுவது. அரிஸ்டாட்டில் தைரியத்துக்கு ஒரு பக்கம் முரட்டுத் துணிச்சலையும் மறுபக்கம் இந்த டெய்லியாவையும்தான் வைக்கிறார். நம் பழைய வேதாகமம் "பயமுள்ள ஆவி" என்கிறது, 1995-ல் வந்த திருவிவிலியம் "கோழை உள்ளம்" என்றே போட்டிருக்கிறது.

பவுல் ஏன் அந்தச் சொல்லை எடுத்தார் என்று தெரிய அந்த நிருபத்தை முழுசாக வாசித்தால் போதும். அவர் ரோமாபுரியில் விலங்கோடு கிடக்கிறார். அடுத்த வசனத்திலேயே "என்னைக்குறித்து நீ வெட்கப்படாதே" என்று தீமோத்தேயுவிடம் கேட்டுக்கொள்கிறார், ஆசியாவிலிருந்த எல்லாரும் தன்னைவிட்டு விலகினதைச் சொல்கிறார், முதல் விசாரணையில் ஒருவரும் கூட நிற்கவில்லை என்று எழுதுகிறார். ஒநேசிப்போரு மட்டும் ரோமாபுரிக்கு வந்து, அந்த விலங்குக்கு வெட்கப்படாமல், தேடிக் கண்டுபிடித்துப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். கைதியோடு சம்பந்தம் என்று தெரிந்தால் நமக்கும் ஆபத்து என்று ஒதுங்கிக்கொண்டார்களே, அதுதான் டெய்லியா. ராத்திரியில் மூச்சு முட்டி எழுந்து உட்காருகிற உங்கள் தங்கைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இதே பவுல் கொரிந்தியருக்கு, "நான் பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் உங்களிடத்தில் இருந்தேன்" என்று எழுதுகிறார் (1 கொரிந்தியர் 2:3). மக்கெதோனியாவில் இருந்தபோது "உள்ளே பயங்களும்" இருந்தன என்கிறார் (2 கொரிந்தியர் 7:5). இரண்டு இடத்திலும் ஃபோபோஸ்தான். உங்கள் போதகர் கணக்குப்படி பவுலுக்கும் அல்லவா பிசாசு ஓட்டியிருக்கவேண்டும்! கெத்செமனேயில் இயேசுவே "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்" என்று மாற்கு எழுதியிருப்பதை அவர் என்ன செய்வார்?

அடுத்து அவர் 1 யோவான் 4:18-ஐ எடுப்பார், "பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்". அங்கே ஃபோபோஸ் இருக்கிறது, உண்மைதான். ஆனால் முந்தின வசனத்தை வாசிக்கச் சொல்லுங்கள்: யோவான் பேசுவது நியாயத்தீர்ப்பு நாளைப்பற்றி, தண்டனைக்குப் பயப்படுவதைப்பற்றி. நெஞ்சுப் படபடப்பு அங்கே பேச்சே இல்லை.

மாத்திரை அவிசுவாசமாம். தீமோத்தேயுவுக்கு வயிற்றுக் கோளாறும் அடிக்கடி வருகிற பலவீனங்களும் இருந்தன. அவனுக்குப் பவுல், தண்ணீர் மட்டும் குடிக்காமல் கொஞ்சம் திராட்சரசமும் சேர்த்துக்கொள் என்று அந்தக் காலத்து வைத்தியத்தைத்தான் எழுதி அனுப்பினார் (1 தீமோத்தேயு 5:23). விசுவாசம் போதவில்லை என்று அவனைத் திட்டவில்லை.

தங்கையின் அடுத்த செக்கப்புக்கு நீங்களும் கூடப் போங்கள், சபையில் கேட்டதையெல்லாம் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். போதகர் வீட்டுக்கு வந்தால் ஜெபிக்கட்டும், மாத்திரையைப்பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள்.