பாவித்த லப்டொப்புக்குக் காசு கொடுத்து வைரஸ் கார்ட் (அன்டிவைரஸ் மென்பொருள்) போட வேண்டுமா, ஃபயர்வால் மட்டும் போதாதா?

காசு கொடுக்கத் தேவையில்லை. ஆனால் ஃபயர்வால் மட்டும் போதாது.

நீங்கள் சொன்ன நிலைமை இதுதானே: வெள்ளவத்தையில் ஒரு அனெக்ஸ், வீட்டுக்காரரின் வைஃபை, விண்டோஸ் 11 போட்டுத் தந்த பாவித்த லப்டொப், அதில் பிள்ளைகளின் ஒன்லைன் வகுப்பும் உங்கள் வங்கி வேலையும், கூடவே அப்பாவின் பழைய டெஸ்க்டொப். இதற்கு விண்டோஸோடு இலவசமாக வரும் வைரஸ் கார்டான டிஃபெண்டரும் அதன் ஃபயர்வாலும் தாராளம். கடைக்காரர் நீட்டும் வைரஸ் கார்ட் பெட்டிக்குக் கொடுக்கும் காசோடு இன்னும் கொஞ்சம் போட்டு, யூனிட்டி பிளாசா கொம்பியூட்டர் கடைகள் பக்கம் போய் ஒரு எக்ஸ்டேர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கிவிடுங்கள்.

பாவித்த லப்டொப் என்பதால் ஒரு விஷயத்தை இன்றைக்கே பாருங்கள். லைசன்ஸ் இல்லாமல் விண்டோஸை அக்டிவேட் பண்ணும் கள்ள மென்பொருட்களை டிஃபெண்டர் பெரும்பாலும் விடாது, பிடித்து அழித்துவிடும். அதனால் அதைப் போடுகிறவர்கள் டிஃபெண்டரை நிறுத்தாமல், அந்த ஃபோல்டரைத் தேட வேண்டாம் என்று விலக்குக் கொடுத்துவிடுவதும் உண்டு. நிறுத்தினால் கீழே மூலையில் எச்சரிக்கை வந்து காட்டிக்கொடுக்கும். விலக்குக் கொடுத்தால் பச்சை டிக் அப்படியே இருக்கும். சில மெஷின்களில் முழு சி டிரைவுக்குமே விலக்குப் போட்டிருப்பார்கள். அதற்குப் பிறகு டிஃபெண்டர் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷனில் மெனேஜ் செட்டிங்ஸைத் தட்டி, அடிவரை உருட்டுங்கள். எக்ஸ்க்ளூஷன்ஸ் என்று ஒன்று வரும். அந்தப் பட்டியல் வெறுமையாக இருக்க வேண்டும். நீங்கள் சேர்க்காத ஏதாவது இருந்தால் தூக்கிவிட்டு, ஒஃப்லைன் ஸ்கேன் ஒன்று ஓட விடுங்கள். மெஷின் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழும்ப முன்னரே தேடும் என்பதால் ஒளிந்திருப்பதும் அகப்பட வாய்ப்பு அதிகம். ஆனால் பட்டியலில் சி டிரைவே இருந்தால் நான் ஸ்கேனை நம்ப மாட்டேன். மைக்ரோசொஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸை இறக்கிப் புதிதாகப் போட்டுவிடுவேன்.

இனி ஃபயர்வால். 2017 மே மாதம் வன்னாக்ரை என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் நிரல்) பரவியபோது யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியிருக்கவில்லை. விண்டோஸின் பழைய ஃபைல் பகிர்வு முறையில் இருந்த ஓட்டை வழியாக, 445ஆம் போர்ட் (நெட்வேர்க் தொடர்புகள் வந்து போகும் வாசல்களில் ஒன்று) திறந்திருந்த மெஷின்களுக்குள் அது தானாகவே நுழைந்தது. இத்தனைக்கும் அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் மாதமே வந்துவிட்டது. இப்படி வெளியிலிருந்து தானாக வருவதை மறிப்பதுதான் ஃபயர்வாலின் வேலை. நீங்களே டவுன்லோட் செய்து டபுள் கிளிக் பண்ணுவதை அது கேட்காது. வெளியே போகிற தொடர்புகளையும் விண்டோஸ் ஃபயர்வால் வழமையில் மறிப்பதில்லை. கிராக் செய்த கேம் ஒன்றோடு வந்த திருட்டு நிரல், ப்ரவுசரில் சேமித்திருக்கும் பாஸ்வேர்ட்களை அள்ளி அனுப்பினாலும் அது பேசாமல்தான் இருக்கும். அங்கே டிஃபெண்டர்தான் வேண்டும். “போட முதல் வைரஸ் கார்டை ஓஃப் பண்ணுங்கோ” என்று எந்த மென்பொருள் கேட்டாலும் பிள்ளைகளைத் தொடவே விடாதீர்கள்.

அனெக்ஸ் வைஃபை சொந்த வைஃபை அல்ல. வீட்டுக்காரர், மேல்மாடியில் இருப்பவர்கள், வந்து போகிற விருந்தாளிகள் எல்லோருடைய போனும் லப்டொப்பும் அதே நெட்வேர்க்கில்தான். ரவுட்டர் வெளியிலிருந்து வருவதை மறிக்கும். ஆனால் பக்கத்து அறையிலிருந்து வருவதை மறிக்கும் என்று நம்ப முடியாது. வைஃபை செட்டிங்ஸில் அந்த நெட்வேர்க்கை பப்ளிக் (மற்றவர்களும் பாவிக்கும், நம்ப முடியாத நெட்வேர்க்) என்று மாற்றிவிடுங்கள், பிரைவேட் வேண்டாம். பிரிண்டரைப் பகிர முடியாமல் போகலாம். போனால் போகட்டும்.

பென் டிரைவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ரியூஷன் நோட்ஸை போட்டோ கொப்பி கடையில் பிரிண்ட் எடுத்து வந்தபின் ஃபோல்டர்கள் எல்லாம் மூலையில் சின்ன அம்புக்குறியோடு ஷோர்ட்கட் ஆகத் தெரிந்தால், ஒன்றையும் திறக்காதீர்கள். உங்கள் ஃபைல்கள் பெரும்பாலும் அழிந்திருக்காது, மறைக்கப்பட்டுத்தான் இருக்கும். முதலில் டிஃபெண்டரால் பென் டிரைவை ஸ்கேன் பண்ணுங்கள்.

ஹார்ட் டிஸ்க் வாங்கினால், படங்களையும் ஆவணங்களையும் கொப்பி பண்ணி முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள். செருகியபடியே கிடந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

அப்பாவின் டெஸ்க்டொப் விண்டோஸ் 10 என்றால், அதற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத மெஷினாக இருந்தால், மைக்ரோசொஃப்ட் கணக்கு வழியாக நீட்டிப்புத் திட்டத்தில் பதியலாம். 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும் என்று அறிவித்திருந்தார்கள். வங்கி வேலையை மட்டும் அதில் செய்ய வேண்டாம்.