டிவி வாங்கப் போகிறீர்களா? திறந்து பார்த்தவனிடம் கேளுங்கள்

பிக்சர் ட்யூப் காலத்தில் ஸ்குரூ டிரைவர் பிடித்தவன் நான். பிளாஸ்மா டிவி வந்ததையும் போனதையும் பார்த்தாயிற்று. இன்று திரை வகைகளைப் பற்றி மட்டும் கேளுங்கள். எந்த மாடல் வாங்கலாம் என்று கேட்டால் பதில் வராது, ஆறு மாதத்தில் அந்த மாடலே இருக்காது. தொடங்கும் முன் ஒரு சின்ன வேலை: உங்கள் வீட்டில் இருப்பது ஓஎல்இடி அல்லாத டிவி என்றால், செட்டிங்ஸில் பேக்லைட், அதாவது திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு, 100-ல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 60-க்கு இறக்கிவிட்டு வாருங்கள். காரணம் பின்னால் தானாக வரும்.

புதுவீட்டுக்காரன்: எல்இடி, க்யூஎல்இடி, மினி எல்இடி, ஓஎல்இடி என்று கடையில் நான்கு சொல்கிறார்கள். தலை சுற்றுகிறது சார். என்ன வித்தியாசம்?

நான்கு இல்லை, இரண்டுதான். "வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

முதல் மூன்றும் எல்சிடி குடும்பம். எல்சிடியில் இருக்கும் திரவப் படிகத்துக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. அது ஒரு கதவு. படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும், அதாவது பிக்சலிலும், சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கதவுகள், அவற்றுக்குப் பின்னால் விளக்கு. எந்தக் கதவு எவ்வளவு திறக்கிறதோ அந்த அளவுக்கு நிறம். பின்னால் இருக்கும் அந்த விளக்கு முன்பு மெல்லிய குழல் விளக்காக இருந்தது. அதை எடுத்துவிட்டு எல்இடி வைத்தார்கள். 2009 வாக்கில் விளம்பரங்களில் "எல்இடி டிவி" என்ற பெயர் பரவியது. பழைய கள், புதிய மொந்தை.

க்யூஎல்இடி என்பதும் அதேதான். பின்னால் நீல நிற எல்இடி, அதற்கு முன்னால் குவாண்டம் டாட் பூசிய ஒரு தாள். இவை சில நானோமீட்டர் அளவே உள்ள துகள்கள். பெரிய துகள் நீல ஒளியைச் சிவப்பாக்கும், சிறியது பச்சையாக்கும். நிறம் நிஜமாகவே சுத்தமாக வரும், அதில் ஏமாற்று எதுவும் இல்லை. 2023-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு இந்தக் குவாண்டம் டாட்டுக்குத்தான் கிடைத்தது. மினி எல்இடியில் பின்னால் இருக்கும் விளக்குகள் மிகச் சிறியவை, ஆயிரக்கணக்கில் இருக்கும். அவற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இருட்டான இடத்தில் மட்டும் அணைக்க முடியும்.

ஓஎல்இடி தனிக் குடும்பம். கதவும் இல்லை, பின்விளக்கும் இல்லை. ஒவ்வொரு பிக்சலும் தனி விளக்கு. கறுப்பு வேண்டுமென்றால் அந்தப் பிக்சல் அணைந்துவிடும். எல்சிடியின் கதவை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் கொஞ்சம் ஒளி கசியும். இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கறுப்புக் காட்சி பார்த்தால் சாம்பல் நிறமாகத் தெரிவது அதனால்தான்.

ஆங்கிலத்தில் ஓ எழுதி ஒரு வால் ஒட்டினால் க்யூ. அந்த வால் தற்செயலாக முளைத்தது என்று நான் நம்பவில்லை.

இருட்டுத்திரை: ஐயா, ஐந்து வருட டிவி. சத்தம் வருகிறது, படம் இல்லை. பேனல் போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்று பார்த்தவர் சொல்லிவிட்டார். ஓஎல்இடிக்கு மாறிவிடவா?

அவசரப்படாதீர்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, டிவியைப் போட்டு, சத்தம் வரும்போது ஒரு டார்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். செல்போன் டார்ச்சே போதும். மெதுவாக நகர்த்துங்கள். வெளிச்சம் படும் இடத்தில் ஆட்கள் நிழல் மாதிரி அசைவது தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். அதுவரை எதையும் வாங்க வேண்டாம்.

சும்மாகேட்டேன்: ஓஎல்இடி நல்லதா, க்யூஎல்இடி நல்லதா?

முதல் பதிலைப் படியுங்கள்.

செய்திப்பிரியர்: அப்பா காலையிலிருந்து இரவு வரை ஒரே செய்திச் சேனல்தான் பார்ப்பார். ஓஎல்இடியில் சேனல் லோகோ திரையில் பதிந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

உங்கள் அப்பாவுக்கு ஓஎல்இடி வேண்டாம். மற்றவர்கள் இதை வைத்துப் பயப்படவும் வேண்டாம்.

ஓஎல்இடியில் இருப்பது கரிமப் பொருள், எரிய எரிய மங்கும். எல்லாப் பிக்சலும் சமமாக மங்கினால் கண்ணுக்கே தெரியாது. ஒரு மூலையில் மட்டும் தினமும் பத்து மணி நேரம் வெள்ளை லோகோ, கீழே சிவப்புப் பட்டை என்று எரிந்தால் அந்த இடம் மட்டும் முதலில் கிழடு தட்டும். அப்புறம் வேறு சேனல் போட்டாலும் அந்தப் பட்டையின் சாயல் தெரியும். படம், தொடர், விளையாட்டு என்று மாற்றி மாற்றிப் பார்க்கும் வீட்டில் இந்தக் கோளாறு வர நெடுநாள் ஆகும்.

இதில் ஒன்றை யாரும் சொல்லித் தருவதில்லை. மொத்தமாகச் சில மணி நேரம் ஓடிய பிறகு, ரிமோட்டில் அணைத்ததும் ஓஎல்இடி டிவி உள்ளே ஒரு சின்னச் சரிபார்ப்பு வேலை செய்யும். எந்தப் பிக்சல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்து ஈடுகட்டும். அது ஸ்டாண்ட்பையில்தான் நடக்கும். ரிமோட்டில் அணைத்த கையோடு சுவர் சுவிட்சையும் தட்டிவிட்டால் அந்த வேலை நடக்காது. மின்சாரம் மிச்சம் என்று தினமும் சுவிட்சை அணைத்த ஒருவரின் திரையில் லோகோ அச்சு அடித்ததுபோல் உட்கார்ந்திருந்ததை என் மேஜையில் பார்த்திருக்கிறேன். ஓஎல்இடி வைத்திருப்பவர்கள் சுவர் சுவிட்சில் கை வைக்காதீர்கள்.

எட்டுக்கே: 55 இன்ச். 8கே வாங்கினால் இன்னும் தெளிவாக இருக்குமா?

ஃபுல் எச்டி, 4கே, 8கே எல்லாம் திரையில் எத்தனை பிக்சல் என்ற கணக்கு, ஒன்றைவிட அடுத்தது அதிகம். டேப் எடுத்து சோஃபாவிலிருந்து சுவருக்கு அளந்து பாருங்கள். சராசரிக் கண்ணால் 55 இன்ச் திரையில் ஃபுல் எச்டியின் தனித்தனிப் பிக்சலைப் பிரித்துப் பார்க்க சுமார் 2.2 மீட்டருக்குள் உட்கார வேண்டும். 4கே என்றால் 1.1 மீட்டருக்குள். 8கே என்றால் அரை மீட்டர் சொச்சம், அதாவது மூக்கு திரையில் இடிக்கும். அந்தப் பணத்தைப் பெரிய திரைக்கோ நல்ல பேனலுக்கோ போடுங்கள்.

கறுப்புப்பூனை: மினி எல்இடியைப் பற்றி மென்மையாகச் சொல்லிவிட்டீர்கள். ஆயிரம் பகுதி என்று பெருமை பேசுகிறார்கள், என் ஓஎல்இடி முன்னால் நிற்காது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4கே திரையில் சுமார் 83 லட்சம் பிக்சல். ஆயிரம் பகுதி என்றால் ஒரு பகுதிக்கு 8,300 பிக்சல். இருட்டு வானத்தில் ஒரு நட்சத்திரம் வந்தால், அதற்காக அந்த 8,300-க்கும் பின்னால் விளக்கு எரியும். நட்சத்திரத்தைச் சுற்றிப் பனிமூட்டம் மாதிரி ஓர் ஒளிவட்டம் வரும். கறுப்புத் திரையில் வெள்ளை சப்டைட்டில் ஓடும்போது நன்றாகத் தெரியும். இருட்டறையில் நீங்கள் சொல்வதுதான் சரி.

ஜன்னலோரம்: இருட்டறையில்! எங்கள் ஹாலில் இரண்டு பக்கமும் ஜன்னல். ஓஎல்இடி வாங்கி ஒரு வருடம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மினி எல்இடிக்கு மாறிய பிறகுதான் படம் பார்க்கிறேன்.

கறுப்புப்பூனை: ஒரு திரைச்சீலை போட்டிருக்கலாமே?

ஜன்னலோரம்: டிவிக்காக வீட்டை இருட்டாக்க வேண்டுமா? வீட்டுக்காகத்தான் டிவி.

இரண்டு பேரும் சரி, அதுதான் தொல்லை. வெளிச்சமான அறையில் நீங்கள் பார்க்கும் கறுப்பு திரையின் கறுப்பு அல்ல. கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. அதை அமுக்கப் படத்துக்கு வெளிச்சம் வேண்டும். திரை முழுக்க வெள்ளையாக ஒரு காட்சி வந்தால் ஓஎல்இடி சூட்டுக்கும் மின்சாரத்துக்கும் பயந்து தானே மங்கிக்கொள்ளும். மினி எல்இடிக்கு அந்தப் பயம் குறைவு.

கறுப்புப்பூனை: புதிய க்யூடி-ஓஎல்இடி பார்த்திருக்கிறீர்களா? அதில் நிறமும் வெளிச்சமும் வேறு ரகம்.

பார்த்திருக்கிறேன். 2022-ல் வந்தது. நீல ஓஎல்இடி, அதன்மேல் குவாண்டம் டாட். நிறம் அருமை, மறுக்கவில்லை. ஆனால் வெளியிலிருந்து வரும் ஒளியை விழுங்க மற்ற ஓஎல்இடிகளில் இருக்கும் போலரைசர் தாள் அதில் இல்லை. அதனால் பகல் வெளிச்சத்தில் அதன் கறுப்பு லேசாக ஊதா கலந்த சாம்பலாகத் தெரியும். ஜன்னலோரக்காரரின் ஹாலில் அது உங்கள் கட்சிக்கு எதிராகத்தான் சாட்சி சொல்லும்.

கணக்குப்பிள்ளை: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஒளிவட்டம் வருவதும் வராததும் பகுதிகளின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. கதவு எவ்வளவு இறுகச் சாத்துகிறது என்பதும் இருக்கிறது.

சரியாகப் பிடித்தீர்கள், நான் விட்டுவிட்டேன். எல்சிடி பேனலில் முக்கியமாக ஐபிஎஸ், விஏ என்று இரண்டு ரகம். ஐபிஎஸ்ஸின் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளை கறுப்பைவிட எத்தனை மடங்கு வெளிச்சம் என்ற கணக்கு, 1,000-க்கு 1 அளவில் நிற்கும். விஏ 3,000-ஐத் தாண்டும், நல்லது 5,000-ஐயும் தொடும். அதாவது விஏயின் கதவு இறுகச் சாத்தும், ஒளிவட்டமும் அடங்கும். ஆனால் விஏயைப் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தால் நிறம் வெளுத்துவிடும், ஐபிஎஸ்ஸில் அவ்வளவாக வெளுக்காது. பகுதிகளை எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது என்று முடிவு செய்யும் சிப்பும் ஒரு காரணம். ஒரே எண்ணிக்கைப் பகுதிகள் இருந்தும் ஒன்று அழகாகவும் ஒன்று அசிங்கமாகவும் நடப்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஜன்னலோரம்: அப்படியானால் நான்தான் ஜெயித்தேன்?

உங்கள் ஹாலில் நீங்கள், அவர் அறையில் அவர். புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒரு சோதனை: டிவி வைக்கப்போகும் இடத்தில், நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் நேரத்தில், அணைத்துவைத்த செல்போனைத் திரை மாதிரி நிறுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு சோஃபாவில் போய் உட்காருங்கள். அந்தக் கறுப்புக் கண்ணாடியில் ஜன்னலோ விளக்கோ பளிச்சென்று தெரிந்தால், நாளைக்கு டிவியிலும் தெரியும். கடையில் நின்று முடிவெடுப்பதைவிட இது மேல்.

இன்னொருவர்: ஓஎல்இடி பெஸ்டா, க்யூஎல்இடி பெஸ்டா அண்ணா?

தம்பி, இதற்கு ஒரு போர்டு எழுதி மாட்டிவிடலாம் போலிருக்கிறது. மேலே போங்கள்.

வெள்ளைப்புள்ளி: திரையில் பழைய நாணயம் அளவுக்கு வட்ட வட்டமாக வெள்ளைப் புள்ளிகள். இரண்டில் தொடங்கி இப்போது ஏழு. பேனல் போகிறதா?

பேனல் நன்றாகத்தான் இருக்கிறது. பின்னால் இருக்கும் ஒவ்வொரு எல்இடி மேலும் வெளிச்சத்தைப் பரப்ப ஒரு சின்னப் பிளாஸ்டிக் லென்ஸ் ஒட்டியிருக்கும். சூட்டில் பசை காய்ந்து லென்ஸ் உதிர்ந்துவிட்டது. அந்த எல்இடியின் வெளிச்சம் பரவாமல் நேராக அடிக்கிறது, அதுதான் புள்ளி. திறந்து திரும்ப ஒட்டலாம். ஆனால் பேனலைக் கழற்றும்போது கை நடுங்கினால் அப்பளம்தான், பழகியவரிடம் கொடுங்கள். சூடு எதனால் வந்தது? பேக்லைட்டை 100-ல் வைத்ததால். இரண்டாவது தடவை சொல்கிறேன்.

ஆர்வக்கோளாறு: எல்சிடி பழைய காலத்துச் சரக்குதானே?

1888-ல் ஆஸ்திரியத் தாவரவியலாளர் ரைனிட்சர் கேரட்டோடு சம்பந்தப்பட்ட ஒரு கொழுப்புப் பொருளைச் சூடாக்கிப் பார்த்தார். 145 டிகிரிக்குச் சற்று மேல் கலங்கிய திரவமானது, 178 டிகிரிக்கு மேல் தெளிந்தது. ஒரே பொருள் இரண்டு முறை உருகியது. திரவப் படிகத்தின் கதை அங்கே தொடங்குகிறது. ஓஎல்இடியும் நேற்றுப் பிறந்த குழந்தை இல்லை, கோடாக் ஆய்வகத்தில் இருவர் வழிகாட்டியது 1987-ல். வயதை வைத்து டிவி வாங்காதீர்கள்.

மோஷன்800: பெட்டியில் "மோஷன் 800" என்று போட்டிருக்கிறது. 800 ஹெர்ட்ஸா?

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்குப் புத்தி எங்கே போயிற்று? பேனலின் நிஜ ரிஃப்ரெஷ் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பது, 60-ஆ 120-ஆ என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அது 60.

படப்பிரியை: புது டிவியில் சினிமா பார்த்தால் மெகா சீரியல் மாதிரி வழவழவென்று ஓடுகிறது. திரை வகையை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். மோஷன் ஸ்மூத்திங் என்று ஏதாவது பெயரில் இருக்கும், அதை அணையுங்கள். சினிமா நொடிக்கு 24 படம், டிவி நடுவில் தானாகக் கற்பனைப் படங்களைச் செருகுகிறது. "விவிட்" மோடு இருந்தால் அதையும் விட்டு "சினிமா" அல்லது "ஃபிலிம்மேக்கர்" மோடுக்கு வாருங்கள். இரண்டு நாள் மஞ்சளாகத் தெரியும், மூன்றாம் நாள் பழைய நீலத்தைத் தாங்க முடியாது.

பிளாஸ்மாரசிகன்: என் பிளாஸ்மா இன்னும் ஓடுகிறது.

வாழ்த்துகள். பானசோனிக் 2013-ல் நிறுத்தியது, சாம்சங்கும் எல்ஜியும் அடுத்த வருடம். சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், பின்னால் காற்றுப் போகட்டும்.

வைஃபை: டிவியில் வைஃபை வரவில்லை.

ரவுட்டரைப் பாருங்கள். இது என் துறை இல்லை.

எதிர்காலம்: மைக்ரோ எல்இடி வரட்டும் என்று காத்திருக்கலாமா?

ஓஎல்இடியின் கறுப்பும் எல்இடியின் ஆயுளும் சேர்ந்தது அது. ஒவ்வொரு பிக்சலுக்கும் சொந்த எல்இடிகள். அப்படிக் கோடிக்கணக்கான துகள் எல்இடிகளை ஒன்றுவிடாமல் சரியான இடத்தில் நட வேண்டும், அதில்தான் விலை எகிறுகிறது. காத்திருந்தால் இந்த வருடம் டிவி இல்லாமல் இருப்பீர்கள்.

துடைப்பவள்: கண்ணாடி துடைக்கும் திரவம் தெளிக்கலாமா?

கூடாது. உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி போதும். கறை போகவில்லை என்றால் துணியை லேசாக நனையுங்கள், திரையில் நேராகத் தெளிக்காதீர்கள். வழிந்து கீழே சர்க்யூட்டுக்குள் இறங்கிவிடும்.

குழப்பம்: பேக்லைட் 60 என்றீர்கள். பிரைட்னஸை 60 ஆக்கினேன், முகமெல்லாம் கரி பூசியது மாதிரி ஆகிவிட்டது.

என் தவறு, தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். சில டிவியில் "பிரைட்னஸ்" என்பது கறுப்பின் அளவு, "பேக்லைட்" தனியாக இருக்கும். இன்னும் சிலவற்றில் "பிரைட்னஸ்" என்பதே பேக்லைட். அதை மாற்றும்போது வெள்ளை இடம் மங்கினால் பேக்லைட். இருட்டு இடத்தின் விவரம் மட்டும் காணாமல் போனால் தப்பான இடத்தில் கை வைத்தீர்கள், பழையபடி வைத்துவிடுங்கள்.

இருட்டுத்திரை: ஐயா, டார்ச் அடித்தேன். மங்கலாக ஓர் ஆள் பேசிக்கொண்டிருக்கிறார், வாய் அசைவது கூடத் தெரிகிறது!

பேனல் பிழைத்தது. போனது பேக்லைட். ஒரு பட்டையில் எல்இடிகளைத் தொடராக இணைத்திருப்பார்கள், ஒன்று செத்தால் போதும், வரிசையே அணைந்துவிடும். எரிந்த ஒன்றை மட்டும் மாற்ற வேண்டாம், பட்டைகளை மொத்தமாக மாற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் மூன்று மாதத்தில் அடுத்தது போய், திரும்பத் திறக்க வேண்டியிருக்கும். பவர் போர்டையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள், சில சமயம் குற்றவாளி அதுதான். மாற்றி வந்ததும் முதலில் செய்ய வேண்டியது என்ன என்று உங்களுக்கே தெரியும்.

இருட்டுத்திரை: பேக்லைட் 60?

50.