கால்வாய்க் கரை பில்பாக்ஸைப் புதுப்பிக்க ஆசையா? சிமென்ட் மூட்டையை இப்போதே வாங்காதீர்கள்

கேள்வி: இங்கிலாந்தில் ரெடிங் பக்கம் இருக்கிறோம். கென்னட் அண்ட் ஏவன் கால்வாய்க் கரையில் நடக்கும்போதெல்லாம், புதருக்குள் பாதி மறைந்த பழைய போர்க்கால பில்பாக்ஸ் (உள்ளே இருந்து எதிரியைச் சுடுவதற்கான சிறிய காவலறை) ஒன்று கண்ணில் படுகிறது. உள்ளே குப்பை, மேலே ஐவிக் கொடி, ஒரு மூலையில் செங்கல் உதிர்ந்து கிடக்கிறது. நண்பர்கள் சேர்ந்து சனிக்கிழமைகளில் சுத்தம் செய்து, சிமென்ட் பூசி, வெள்ளையடித்து வைக்கலாம் என்று இருக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நல்ல ஆசைதான், ஆனால் வெள்ளையடிப்பதையும் சிமென்ட் பூச்சையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். இந்த வேலையில் கட்டடத்தைப் புதிதாக்கக் கூடாது, இனிமேல் கெடாமல் நிறுத்தி வைத்தால் போதும். ஏன் என்று புரிய, அது எப்படிக் கட்டப்பட்டது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1940 ஜூன் தொடக்கத்தில் டன்கர்க்கிலிருந்து பிரிட்டிஷ் படை திரும்பியபோது பீரங்கிகளையும் வண்டிகளையும் பிரான்சிலேயே விட்டுவிட்டு வந்தது. ஜெர்மன் படை தெற்குக் கரையில் இறங்கினால் தடுக்க ஆள் உண்டு, ஆயுதம் போதாது. அதனால் உள்நாட்டுப் படைகளின் தளபதி எட்மண்ட் அயர்ன்சைடு, இருக்கிற ஆறு, கால்வாய், ரயில் பாதைகளையே தடையாக்கி, அவற்றை ஒட்டி 'ஸ்டாப் லைன்' எனும் தடுப்புக் கோடுகளை அமைத்தார். உங்கள் கால்வாய் அதில் 'புளூ' கோடு. தெற்கிலிருந்து வரும் டாங்கிக்குக் கால்வாய்தான் அகழி, அதனால்தான் பில்பாக்ஸ்கள் பெரும்பாலும் வடகரையில் நிற்கின்றன. ஜூலையிலேயே அயர்ன்சைடு போய் ஆலன் புரூக் வந்துவிட்டார். அவருக்கு இந்த அசையாத கோடுகளில் நம்பிக்கை இல்லை, நகரும் படைதான் வேண்டும் என்றார். ஆக, நீங்கள் பார்ப்பது சில மாத அவசரத்தில் எழும்பிய கட்டடம்.

அந்த அவசரம் சுவரிலேயே தெரியும். கான்கிரீட் வார்க்க அச்சுப் பலகை வேண்டும், மரத்துக்கோ கடும் தட்டுப்பாடு, எனவே பல இடங்களில் செங்கல் சுவரையே அச்சாக எழுப்பி, நடுவில் கான்கிரீட்டை ஊற்றி, செங்கலை அப்படியே விட்டுவிட்டார்கள். குண்டு துளைக்காத வகைக்குச் சுவர் சுமார் 30 செ.மீ., பீரங்கிக் குண்டையும் தாங்கும் வகைக்கு ஒரு மீட்டருக்குச் சற்று மேல். எனவே உங்கள் மூலையில் செங்கல் உதிர்ந்திருப்பது பெரும்பாலும் தோல் உரிந்த மாதிரிதான், கட்டடமே விழப்போகிறது என்று பதற வேண்டாம். பலகையின் மரவரி, ஈரக் கான்கிரீட்டில் யாரோ கீறிய பெயர், உருமறைப்புக்காக அடித்த பெயிண்டின் மிச்சம் எல்லாம் சுவரில் இருக்கலாம். உங்கள் வெள்ளையடிப்பு ஒரே மதியத்தில் இவற்றையெல்லாம் அழித்துவிடும்.

சரி, அனுமதி. நிலம் யாருடையது என்று முதலில் கண்டுபிடியுங்கள். கால்வாயை 2012 முதல் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற தொண்டு அமைப்பு பராமரிக்கிறது, ஆனால் பில்பாக்ஸ் வேலிக்கு அந்தப் பக்கம், விவசாயியின் நிலத்தில் நிற்பதும் உண்டு. டிரஸ்ட் நிலம் என்றால் அவர்களுடைய தன்னார்வலர் குழுவோடு சேர்ந்து செய்வதே சுலபம். தனியாகக் கிளம்பினால் காப்பீடு, முதலுதவி, கரையோர வேலைக்கான பாதுகாப்பு விதிகள் எல்லாம் உங்கள் தலையில் விழும். அப்புறம், பாரம்பரியச் சின்னங்களைக் கவனிக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பின் தேசியப் பட்டியலில் அந்த இடம் இருக்கிறதா என்று இணையத்தில் இலவசமாகத் தேடிப் பாருங்கள். 'ஷெட்யூல்டு மான்யுமென்ட்' (சட்டப் பாதுகாப்புள்ள நினைவுச்சின்னம்) என்று இருந்தால், 1979 சட்டப்படி, முறையான ஒப்புதல் இல்லாமல் பழுதுபார்ப்பதுகூடக் குற்றம்.

அடுத்து வௌவால். குளிர்ச்சி, இருட்டு, பக்கத்திலேயே தண்ணீர், பூச்சி என்று வௌவாலுக்குப் பிடித்ததெல்லாம் பில்பாக்ஸில் இருக்கிறது. வௌவால் இல்லாத நேரத்தில் அதன் தங்குமிடத்தைக் கெடுத்தாலும் குற்றம்தான், தெரியாமல் செய்தேன் என்பது நல்ல பதில் ஆகாது. தகுதியுள்ள ஒருவரை வைத்து முதலில் சோதியுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை அவை உறங்கும் காலம், உள்ளே போகவே வேண்டாம். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பறவைகள் கூடு கட்டும், வெளியே புதர் வெட்டக் கூடாது. மிச்சம் செப்டம்பரும் அக்டோபரும்தான், சோதித்தவர் சரி என்று சொன்னால்.

கருவியைக் கையில் எடுக்கும் முன் எல்லாப் பக்கத்தையும் படம் எடுங்கள், அளவெடுங்கள், சுடும் துளைகள் எந்தத் திசையைப் பார்க்கின்றன என்று குறியுங்கள். 1995 முதல் 2002 வரை நடந்த 'டிஃபென்ஸ் ஆஃப் பிரிட்டன்' திட்டத்தில் தன்னார்வலர்கள் இப்படித்தான் நாடு முழுக்க ஆயிரக்கணக்கான இடங்களைப் பதிவு செய்தார்கள். உங்களுடையதும் அதில் இருக்கலாம், அன்றைய நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

குப்பை அள்ளும்போது ஒன்றில் மட்டும் விளையாட்டு வேண்டாம். ஹோம் கார்டு எனும் உள்ளூர்த் தன்னார்வப் படையினருக்கு 76-ஆம் எண் எறிகுண்டு என்று ஒன்று கொடுத்திருந்தார்கள். அரை பைன்ட் கண்ணாடிப் பாட்டில், சோடா மூடி, உள்ளே வெள்ளைப் பாஸ்பரஸும் பென்சீனும். காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும். புதைத்து வைத்து மறந்துபோன பெட்டிகள் இன்றும் கிடைக்கின்றன. திரவத்தோடு மூடிய பழைய பாட்டிலைக் கண்டால் தொடாமல் எல்லாரையும் விலக்கிவிட்டு அவசர எண் 999-ஐ அழையுங்கள். மற்றபடி தடித்த கையுறை போடுங்கள், வெட்டுக்காயத்தை மூடிக்கொள்ளுங்கள், ஏனென்றால் கால்வாய்ப் பக்கம் எலிச் சிறுநீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ் ஆபத்து உண்டு.

ஐவியைப் பிடித்து இழுக்காதீர்கள், சாந்தும் செங்கலும் கூடவே வந்துவிடும். தண்டை அடியில் அறுத்துவிட்டு, காய்ந்து பிடி தளரும் வரை காத்திருங்கள், ஒரு வருடமானாலும் பரவாயில்லை. அந்த நேரத்தில், என்னைக் கேட்டால், சுவரைவிட முக்கியமான வேலை ஒன்றைச் செய்யலாம். துளைகளுக்கும் தண்ணீருக்கும் நடுவே இருக்கிற புதரை அகற்றுங்கள். உள்ளே நின்று பார்க்கிறவருக்கு எதிர்க்கரையும் பாலமும் தெரிந்தால்தான் அந்த அறை ஏன் அங்கே இருக்கிறது என்று விளங்கும், விளக்கப் பலகைகூட அப்புறம்தான். கரையில் வாட்டர் வோல் (நீரோரம் வாழும் எலி போன்ற சிறு விலங்கு) வளைகள் இருக்கின்றனவா என்று மட்டும் முன்பே கேட்டுவிடுங்கள், அதற்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு.

பழுது என்று வந்தால், உதிர்ந்த செங்கற்களை எடுத்துப் பத்திரமாக வையுங்கள், பழைய சாந்து என்ன கலவை என்று பார்த்து அதற்கு ஒத்ததால் திரும்ப வைக்கச் சொல்லுங்கள். கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்து உப்பி, மேல்பாகம் பெயர்ந்து தொங்கினால் அது வேறு கதை. மேலே பூசி மறைத்தால் துரு உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும். அதற்குக் கீழே யாரையும் நிற்க விடாமல், பழைய கட்டடங்களில் பழக்கமுள்ள பொறியாளரை வரவழையுங்கள். அவருக்கான கட்டணத்துக்குத்தான் முதலில் நிதி திரட்ட வேண்டும், பெயிண்டுக்கு இல்லை.